பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

கோவையில் உக்கடத்தையும் ஆத்துப்பாலத்தையும் இணைக்கும் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். பாலக்காடு சாலைக்கு ஒரு கிளையும் பொள்ளாச்சி சாலைக்கு ஒரு கிளையும் பிரிகின்றன. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், மேம்பாலத்தின் ஓரக்கோடு கீழே போகும் சாலையின் ஓரக்கோட்டைப் பல இடங்களில் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரியும். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து மேலே வரும் பஸ்ஸும், கீழே மார்க்கெட்டுக்குத் திரும்பும் டெம்போவும் எங்கேயும் முட்டிக்கொள்வதில்லை. அந்த வெட்டு மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மட்டும்தான் உண்டு. தரையில் போய்த் தேடினால் அப்படி ஒரு புள்ளியே கிடைக்காது.

கணினியில் வரைபடம் போடுகிறவர்களை நாள்தோறும் அலைக்கழிக்கும் சிக்கல் ஒன்று இதே வகையைச் சேர்ந்தது. கோவையில் அந்தத் தொழில் இல்லாத தெரு குறைவு. பம்ப், மோட்டார், வார்ப்படம், நூற்பாலை இயந்திரம் என்று எதைச் செய்தாலும் முதலில் ஒரு டிராயிங் வேண்டும். வீட்டு பிளான், மனைப்பிரிவு, பாதாளச் சாக்கடை, குளக்கரை நடைபாதை எல்லாவற்றுக்கும் டிராயிங்தான் தொடக்கம். அந்த டிராயிங்கில் மிக அதிகமாகப் பயன்படும் கட்டளைகளில் ஒன்று ட்ரிம். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், தாண்டிய பகுதியை நறுக்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் இரண்டாம் நாளே மூத்த டிராஃப்ட்ஸ்மேனிடம் போய் நிற்பான்.

“ஏனுங்கண்ணா, ரெண்டு லைனும் கண்ணு முன்னாடி குறுக்கால போகுது. ட்ரிம் மட்டும் ஆக மாட்டேங்குதுங்க.”

“ஐடி கமாண்ட் போட்டு ரெண்டு லைன் முனையிலயும் ஸ்நாப் புடிச்சு ஒரு கிளிக் பண்ணிப் பாரு கண்ணு. இசட் எவ்வளவு காட்டுது?”

அந்த மூத்தவர் கேட்ட கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ட்ரிம் என்ற கருவி அநேகமாகப் பழுதாவதில்லை. நாம் எங்கே நிற்கிறோம், எந்தத் திசையிலிருந்து பார்க்கிறோம், எதைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணுகிறோம் என்பதை மறந்துவிட்டுக் கருவியைக் கோபித்துக்கொள்கிறோம்.

உக்கடம் பெரிய குளத்தின் கரையோரம் ஓர் இடத்தை அளப்பதாக வைத்துக்கொள்வோம். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை நிறுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களைப் பதிவு செய்கிறார்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு. மூன்றாவது எண்ணைத்தான் சைட்டில் ஆர்.எல். என்பார்கள், டிராயிங்கில் இசட் என்பார்கள். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அவர் அனுப்பும் கோப்பில் காம்பவுண்டுச் சுவரின் கோடு 411.25 என்ற உயரத்தில் இருக்கும். அலுவலகத்தில் இருப்பவர் அதே கோப்பில் குழாய்ப் பாதையை வரைகிறார். அவர் உயரம் எதுவும் கொடுக்கவில்லை. மென்பொருள் பூஜ்ஜியத்தில் வரைந்துவிடுகிறது. திரையில் சுவரும் குழாயும் அழகாகக் குறுக்கிடுகின்றன. உள்ளே இருக்கும் கணக்கின்படி சுவர், குழாய்க்கு 411 மீட்டர் மேலே ஆகாயத்தில் தொங்குகிறது.

இப்போது ட்ரிம் ஆகுமா ஆகாதா என்பதை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் புரொஜ்மோட் என்ற ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது. அதற்கு மூன்று மதிப்புகள். 0 என்றால் இரண்டு கோடுகளும் முப்பரிமாணத்தில் நிஜமாகவே சந்தித்தால் மட்டும் வெட்டும். 1 என்றால் இரண்டையும் நடப்பிலுள்ள ஆயத்தளத்தின் மேல் நிழலாக விழச் செய்து, நிழல்கள் சந்திக்கும் இடத்தில் வெட்டும். 2 என்றால் நம் பார்வைத் திசையில், அதாவது திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வெட்டும். வழக்கமாக 1 இருக்கும். யாராவது முப்பரிமாண வேலைக்காக 0 ஆக்கிவிட்டு அப்படியே விட்டுப் போனால் மறுநாள் அதே கணினியில் உட்காருபவருக்கு எந்தக் கோடும் வெட்டுப்படாது.

புரொஜ்மோட் 1இல் இருக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு, அதுதான் எனக்கு மேலும் ஆபத்தானதாகத் தோன்றுகிறது. ட்ரிம் ஆகிவிடும். கோடு சரியான இடத்தில் நின்றுவிட்டதாகத் தெரியும். ஆனால் வெட்டுப்பட்ட முனை தன் பழைய உயரத்திலேயே இருக்கிறது. பிறகு ஜாயின் போட்டால் சேராது. ரீஜன் ஆக்கினால் ஆகாது. சந்திப்புப் புள்ளியைப் பிடிக்கும் ஸ்நாப் அந்த இடத்தைக் கண்டுகொள்ளாது. சுவரிலிருந்து 12 மீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு குழாய்க்கு டிஸ்டன்ஸ் எடுத்தால் 411.43 மீட்டர் என்று வரும். செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் 411.25, கர்ணம் 411.43. பித்தாகரஸ் சரியாகத்தான் சொல்கிறார். இந்த எண்ணைக் கண்டு ஒருவர் சந்தேகப்பட்டால் நல்லது. உயர வித்தியாசம் 411 மீட்டராக இல்லாமல் 1 மீட்டராக இருந்திருந்தால் விடை 12.04 என்று வந்திருக்கும். நான்கு சென்டிமீட்டர் தவறை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தீர்வு எளிது. கோடுகளைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் இசட் மதிப்பைப் பாருங்கள். வேலை தட்டையான பிளான்தான் என்றால் ஃப்ளாட்டன் கட்டளை எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடும். ஆனால் சர்வேயர் கொடுத்த மூலக் கோப்பில் அதைச் செய்யவே கூடாது. அந்த ஆர்.எல். எண்கள்தான் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்பவை. குளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நிறையும்படி நொய்யல் படுகையில் அமைந்த ஊரில் உயரத்தை அழிப்பது சின்னக் குற்றமில்லை. ஒரு நகல் எடுத்து நகலில் செய்யுங்கள்.

ஆயத்தளம் சாய்ந்திருந்தாலும் ட்ரிம் அடம்பிடிக்கும். ஆட்டோகேட்டில் இரண்டு ஆயமுறைகள் உண்டு. ஒன்று உலக ஆயமுறை, அது நகராது. இன்னொன்று பயனர் ஆயமுறை, யூசிஎஸ் என்று எல்லோரும் சொல்வது. அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். கட்டடத்தின் முன்தோற்றம் வரைவதற்காக ஒருவர் யூசிஎஸ்ஸை நிமிர்த்தி நிறுத்துகிறார். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுகிறார். இப்போது தரைத்தளக் கோடுகளை ட்ரிம் செய்தால் நிழல் தரையில் விழாது, நிமிர்ந்த தளத்தின் மேல் விழும். தரையிலுள்ள கோடுகள் எல்லாம் அந்தத் தளத்தில் ஒரே கோடாகச் சுருங்கிவிடும். ஒரே கோட்டுக்குள் சந்திப்பு எங்கே கிடைக்கும்? யூசிஎஸ் என்று அடித்து வேர்ல்டு கொடுத்தால் சரியாகிவிடும். திரையின் மூலையிலுள்ள எக்ஸ்-ஒய் சின்னத்தின் முனையில் சிறிய சதுரம் தெரிந்தால் நாம் உலக ஆயமுறையில் இருக்கிறோம். சதுரம் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறோம். அந்தச் சின்னம் இடத்தை அடைக்கிறது என்று மறைத்து வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை மறைக்காதீர்கள்.

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். வெட்டும் கோடு எட்டாமல் நின்றால், எட்ஜ்மோட் என்ற அமைப்பு 0இல் இருக்கும்போது வெட்டாது. 1 ஆக்கினால் கோடு நீண்டிருப்பதாகப் பாவித்து வெட்டும். பூட்டிய லேயரில் இருக்கும் கோட்டை வெட்ட முடியாது, ஆனால் அதை வைத்து மற்றதை வெட்டலாம். ப்ளாக்குக்குள் இருக்கும் கோட்டை வெளியிலிருந்து தொட முடியாது. உள்ளே போய்த்தான் திருத்த வேண்டும். 2021 பதிப்பிலிருந்து ட்ரிம்மின் நடத்தையே மாறிவிட்டது என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வெட்டும் கோட்டை முதலில் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டிப் பிறகு வெட்டுவோம். இப்போதைய விரைவு முறையில் எல்லாக் கோடுகளும் வெட்டும் கோடுகளாகவே கருதப்படுகின்றன. வெட்ட எந்தச் சந்திப்பும் கிடைக்காத கோட்டைச் சொடுக்கினால் அது கோட்டையே முழுதாக அழித்துவிடும். இருபது ஆண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள் கோடு காணாமல் போனதை உடனே கவனிப்பதில்லை. பழைய முறை வேண்டுவோர் ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட் மதிப்பை 0 ஆக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கருவிக்கும் வயதாகிவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைத் தன் ஆய்வேடாகக் கொடுத்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைய முடிந்தது. ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளியானது. ட்ரிம் 1986இல் 2.5 பதிப்பில் வந்தது. யூசிஎஸ் 1988இல் பத்தாம் பதிப்பில் வந்தது. அதாவது ட்ரிம் பிறந்தபோது ஒரே ஆயமுறைதான் இருந்தது. தளத்தைச் சாய்க்கும் வசதி பின்னால் சேர்ந்தது. இன்று நாம் படும் குழப்பத்தில் ஒரு பங்கு இந்த வரிசையால் வந்தது என்று நினைக்கிறேன்.

நிலத்தை விட்டுப் பட்டறைக்கு வருவோம். பம்புக்கு ஒரு கேஸ்கெட்டோ ஒரு தகட்டு ஃப்ளாஞ்சோ லேசரில் வெட்ட வேண்டும் என்றால் டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுப்பார்கள். லேசர் இயந்திரத்தின் மென்பொருளுக்குக் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். வெளிவட்டத்தில் ஒரு காதும் போல்ட் ஓட்டையும் இருக்கிறது என்று கொள்வோம். காது வட்டத்தோடு சேரும் இடத்தில் ட்ரிம் செய்யாமல் கண்ணளவில் இழுத்து முடித்திருந்தால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். திரையில் சாதாரண அளவில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியும். அது அந்த வடிவத்தைத் திறந்த கோடு என்று ஒதுக்கிவிடும், அல்லது உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாமல் தவறான பக்கத்தில் வெட்டும். லேசர் கற்றைக்கு ஒரு தடிமன் உண்டு. எந்தப் பக்கம் ஒதுங்கி வெட்டுகிறது என்பதைப் பொறுத்து ஓட்டையின் அளவு மாறும். ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு படிந்திருந்தால் அதே பாதையில் இரண்டு முறை ஓடித் தகட்டை எரித்துவிடும். கோப்பைக் கொடுக்கும் முன் ஓவர்கில் கட்டளையை ஓட்டி இரட்டைக் கோடுகளை நீக்கி, ஒவ்வொரு வடிவத்தையும் மூடிய பாலிலைனாக ஆக்கிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. வீணான தகட்டின் விலையை நினைத்தால் அது பெரிய நேரமில்லை.

சிஎன்சி ஓட்டுகிறவர்களுக்குப் பூஜ்ஜியத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இயந்திரத்துக்கென்று நகராத ஒரு பூஜ்ஜியம் உண்டு. மேசையில் பொருளைப் பிடித்தபின் அதன் மூலையைத் தொட்டு ஜி54 என்ற பெயரில் ஜாப் ஜீரோ எடுக்கிறார்கள். முதல் துண்டு வெட்டும்முன் ஜீரோவைச் சரிபார்க்காத ஆபரேட்டரைப் பட்டறையில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களுடைய உலக ஆயமுறையும் பயனர் ஆயமுறையும் இவைதான். அந்த ஒழுங்கு டிராயிங் மேசைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

எண்ணைத் தட்டச்சு செய்வதிலேயே ஆயமுறைத் தவறு தொடங்கிவிடுகிறது. உக்கடம் உலக அளவில் பயன்படும் யூடிஎம் கட்டத்தில் 43ஆம் மண்டலத்தில் விழுகிறது. அங்குள்ள ஒரு புள்ளிக்குத் தோராயமாகக் கிழக்கு 7,14,000 மீட்டர், வடக்கு 12,15,500 மீட்டர் என்று வரும். ஆட்டோகேட்டில் டைனமிக் இன்புட் இயங்கும்போது கோட்டின் முதல் புள்ளிக்குக் கொடுக்கும் எண் ஆயமுறையின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். இரண்டாவது புள்ளிக்குக் கொடுக்கும் எண் முதல் புள்ளியிலிருந்து எண்ணப்படும். இது தெரியாமல் இரண்டாவது புள்ளிக்கும் முழு எண்ணைக் கொடுத்தால் இரண்டும் கூடிக் கோடு 14,28,000, 24,31,000 என்ற இடத்துக்குப் போய்விடும். நிலத்தில் அந்த இடம் ஒடிசா மாநிலத்துக்குள் இருக்கிறது. முழு எண்ணுக்கு முன்னால் # குறி போட்டால் தொடக்கத்திலிருந்து எண்ணும். @ போட்டால் முந்தைய புள்ளியிலிருந்து எண்ணும். இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பெரிய எண்களில் வேறொரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. கணினி எல்லா எண்களையும் எல்லையற்ற துல்லியத்தோடு வைத்துக்கொள்வதில்லை. ஆட்டோகேட் ஒவ்வொரு ஆயத்தையும் 64 பிட்டில் சேமிக்கிறது. ஏறக்குறைய 15, 16 இலக்கங்கள் வரை நம்பலாம். ஆனால் திரையில் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட்டில் கணக்கிடுகிறது. அதில் நம்பத்தக்க இலக்கங்கள் ஏழுதான். 12,15,500 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 32 பிட்டால் எழுதக்கூடிய அடுத்த எண் 12.5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நடுவில் எதையும் அதனால் சொல்ல முடியாது. டிராயிங்கை மில்லிமீட்டரில் போட்டிருந்தால் எண் 121 கோடியைத் தாண்டும். அங்கே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 128 மில்லிமீட்டர். அதனால்தான் வட்டம் பல்லுப் பல்லாகத் தெரிகிறது, கோடுகள் நடுங்குகின்றன, ஹாட்ச் சிதறுகிறது, கோடும் கோடும் தொடுகின்றனவா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாமல் போகிறது. 64 பிட்டிலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. இரண்டு கோடுகளின் சந்திப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய எண்களைப் பெருக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அருகருகே உள்ள இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது நம்ப முடியாத பின்னிலக்கங்கள்தான்.

இதைச் சமாளிக்க அலுவலகங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: டிராயிங்கை அப்படியே தூக்கி 0,0க்குப் பக்கத்தில் போடுவது. கோடுகள் நடுங்குவது நின்றுவிடும். கூடவே, ரோடு சாய்வாக இருந்தால் தாளில் நேராகத் தெரியட்டும் என்று டிராயிங்கையே திருப்பியும் விடுவார்கள். இந்த இரண்டாவது காரியத்தை நான் கண்டிக்கிறேன். திருப்பிய கோப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நெடுஞ்சாலைத் துறையின் கோப்பையோ, மாநகராட்சியின் குழாய்க் கோப்பையோ, மின்வாரியத்தின் கேபிள் கோப்பையோ அதன்மேல் கொண்டுவந்து வைத்தால் எதுவும் எதனோடும் பொருந்தாது. கண்ணளவில் நகர்த்திப் பொருத்த முயல்வார்கள். ஒரே ஒரு பாகை தவறினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 17 மீட்டருக்கு மேல் விலகிவிடும். உக்கடத்தில் 17 மீட்டர் என்பது சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம். யாருடைய கடை இடிபடும், யாருடைய வீட்டுச் சுவருக்குள் குழி தோண்டப்படும் என்பது இத்தகைய பாகைகளில் இருக்கிறது.

செய்ய வேண்டியது வேறு. கோடுகளைத் தொடாமல் யூசிஎஸ்ஸை மட்டும் சாலையின் சாய்வுக்குத் திருப்பி, அதற்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, பிளான் கட்டளையால் பார்வையை அதற்கேற்ப மாற்றலாம். தாளில் நேராகத் தெரியும். உள்ளே எண்கள் அப்படியே இருக்கும். தொடக்கத்துக்கு அருகில் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் எவ்வளவு நகர்த்தினோம் என்பதை எழுதிவைத்து, 7,14,000, 12,15,000 என்பதுபோல் முழு எண்ணாக நகர்த்த வேண்டும். யூசிஎஸ்ஸைத் திருப்பி வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஐடி, லிஸ்ட் போன்ற கட்டளைகள் காட்டும் எண்கள் அந்தத் திருப்பிய ஆயமுறையின் எண்கள். அவற்றைக் குறித்து சைட்டுக்கு அனுப்பினால் அங்கே தூண் வேறிடத்தில் எழும்.

கோப்புக்கு வெளியிலும் பூஜ்ஜியங்கள் பல உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. அவருடைய குழு கொங்கு நாட்டுக்கும் வந்தது. கோவைப் பகுதியில் 10 பாகை 59 கலை அட்சரேகையில் வானியல் முறையில் தீர்மானித்த ஒரு நிலையம் அவருடைய கணக்குகளில் இருக்கிறது. அந்த மரபில் வந்த வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை. இன்று ஜிபிஎஸ் கருவிகள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு நீள்கோளத்தைப் பயன்படுத்துகின்றன. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டிலும் குறித்தால் நம் ஊரில் நூறு மீட்டருக்கும் மேலாக விலகும். 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தொடர் வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாறின. பழைய தாளை ஸ்கேன் செய்து புதிய அளவையின் கீழே வைப்பவர் முதலில் கேட்க வேண்டியது எது எந்த நீள்கோளம் என்பதைத்தான்.

வடக்கும்கூட இரண்டு உண்டு. யூடிஎம் கட்டத்தின் வடக்கு, 43ஆம் மண்டலத்தின் நடுக்கோடான 75 பாகை தீர்க்கரேகையில் மட்டும் உண்மை வடக்கோடு ஒன்றுபடும். உக்கடம் அதிலிருந்து கிழக்கே ஏறக்குறைய இரண்டு பாகை தள்ளி இருப்பதால் இரண்டு வடக்குகளுக்கும் இடையே 22 கலை அளவுக்கு வித்தியாசம் விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை மீட்டர். நீளமும் மாறும். கோளத்தைத் தாளில் விரிப்பதால் வரும் நீட்சியையும், நாம் கடல் மட்டத்துக்கு மேலே நிற்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், தரையில் 3.8 கிலோமீட்டராக அளந்த நீளம் கட்டத்தில் முப்பது நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாக வரும். இது யாருடைய பிழையும் கிடையாது. ஆனால் பாலத்தின் உத்தரத்தைத் தொழிற்சாலையில் வார்ப்பவர் கட்டத்தின் நீளத்தை எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும்.

உயரத்துக்கும் பூஜ்ஜியம் வேண்டும். அன்றைய இந்தியாவில் சென்னையும் நாகப்பட்டினமும் உள்ளிட்ட ஒன்பது இடங்களில் அலைமானி வைத்து எடுத்த சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 1909இல் தீர்மானித்த அடிப்படைதான் நெடுங்காலம் நம் ஆர்.எல். எண்களுக்குப் பூஜ்ஜியம். நாட்டுக்கு நாடு அது மாறும். ரைன் ஆற்றின் குறுக்கே ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே லாஃபன்பர்க்கில் 2003 வாக்கில் ஒரு பாலம் கட்டினார்கள். ஜெர்மனியின் உயரங்கள் ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்திலிருந்து வந்தவை, சுவிட்சர்லாந்தின் உயரங்கள் மார்செய் துறைமுகத்திலிருந்து வந்தவை. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது பொறியாளர்களுக்குத் தெரியும், திருத்தமும் போட்டார்கள். திருத்தத்தில் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாக விழுந்துவிட்டது. இரு கரைகளிலும் நடந்த கட்டுமானம் 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் நின்றது. ஒரு பக்கத்தைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. அவ்வளவு கவனமான ஊர்களிலேயே அது நடந்திருக்கிறது என்றால், பூஜ்ஜியத்தை எழுதிவைக்காத கோப்புகளை நாம் கைமாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு துணிச்சல்!

அளவு அலகையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். கோவையில் நிலத்தைச் சென்ட்டிலும் ஏக்கரிலும் பேசுகிறோம், கொத்தனாரிடம் அடியில் சொல்கிறோம், பட்டறையில் மில்லிமீட்டரில் வெட்டுகிறோம், சாலைக்கு மீட்டரில் போடுகிறோம். ஒரு கோப்பு மீட்டரிலும் இன்னொன்று மில்லிமீட்டரிலும் இருந்தால், அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் சரியாக அமைக்கப்படாதபோது ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக வந்து விழும். அடியென்றால் 304.8 மடங்கு. திரையில் ஒன்றுமே தெரியாமல் போய், கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இப்படித்தான். ஜூம் எக்ஸ்டெண்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள்; மூலையில் எறும்பளவு புள்ளியாக உங்கள் டிராயிங் இருக்கும்.

1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது முதல், 1951இல் தொடங்கிய பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி வரை, கோவை பொறியியல் படிப்புக்குப் பேர்போன ஊர். பாலிடெக்னிக்குகளும் ஐடிஐகளும் தெருமுனை ஆட்டோகேட் பயிற்சி மையங்களும் ஆண்டுதோறும் புதியவர்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லைன், சர்க்கிள், ட்ரிம் என்று கட்டளைகளைத் தொடங்கும் முன் ஒரு வகுப்பு முழுவதும் ஆயமுறைக்குக் கொடுங்கள். இரண்டு வெவ்வேறு உயரங்களில் கோடு வரையச் சொல்லி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கச் செய்யுங்கள். திறந்த வடிவத்தை ஒரு முறையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

டிராயிங்கைக் கைமாற்றுகிறவர்கள் டைட்டில் ப்ளாக்கில் நான்கு வரி சேர்த்தால் போதும்: அலகு எது, தொடக்கப் புள்ளி எங்கே, எந்த நீள்கோளமும் எந்த மண்டலமும், உயரம் எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து. நகர்த்தியிருந்தாலோ திருப்பியிருந்தாலோ எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். அடுத்த முறை கோப்பு ஒன்று வந்து, இந்த நான்கு வரிகள் அதில் இல்லையென்றால், வேலையைத் தொடங்காமல் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.